காலுக்கு இறங்கும் வலி
வெதுருகுப்பத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்



இடுப்பில் தொடங்கிப் புட்டம் வழியாக இறங்கி, தொடையின் பின்பக்கம், கெண்டைக்கால், பாதம் என்று கீழ் நோக்கி இழுக்கிற வலியைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நரம்பு இழுக்குது என்கிறோம், வாயு பிடிச்சிருக்கு என்கிறோம், ஜவ்வு விலகிடுச்சு என்கிறோம். மருத்துவர் சீட்டில் சயாட்டிகா என்று எழுதுகிறார். பெயர் எதுவானாலும் அனுபவித்தவருக்குத் தெரியும்: இருமினால் மின்னல் வெட்டியதுபோல் காலுக்குள் பாயும், உட்கார முடியாது, நிற்க முடியாது, இரவில் புரண்டு படுக்க முடியாது.

இவ்வளவு கொடிய வலி பெரும்பாலோருக்குக் கத்தி படாமலே ஆறிவிடுகிறது. இதைத்தான் சொல்ல வந்திருக்கிறேன். ஆனால் அது ஆறும் வரை நாம் என்ன செய்கிறோம், என்ன செய்யாமல் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தே கால் முழுதாகத் திரும்பி வருகிறது. காத்திருக்கவே கூடாத சில அடையாளங்களும் உண்டு. அவற்றையும் சொல்லாமல் போகமாட்டேன்.

முதலில் உடம்பைப் பார்ப்போம். இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள். ஒவ்வோர் இரண்டு எலும்புக்கும் நடுவில் ஒரு வட்டு. அதைத்தான் டிஸ்க் என்றும் ஜவ்வு என்றும் சொல்கிறோம். இளநுங்கை நினைத்துக்கொள்ளுங்கள்: வெளியே உறுதியான தோல், உள்ளே வழுவழுப்பான சதை. வட்டும் அப்படித்தான். வெளி வளையத்தில் நார்கள் அடுக்கடுக்காகப் பின்னியிருக்கும், நடுவில் கூழ் போன்ற ஒரு பொருள். ஆண்டுக்கணக்கில் குனிந்து, திரும்பி, சுமை தூக்கி அந்த நார்களில் விரிசல் விழுகிறது. ஒரு நாள் கூழ் அந்த விரிசல் வழியாகப் பின்பக்கம் பிதுங்குகிறது. பின்பக்கத்தில்தான் நரம்பு வேர்கள் இறங்குகின்றன.

இடுப்பின் கடைசி இரண்டு வேர்களும் அதற்குக் கீழே உள்ள மூன்று வேர்களும் சேர்ந்து உடம்பிலேயே மிகப் பருமனான நரம்பாகின்றன. ஒரு விரல் பருமன் இருக்கும். புட்டத்தின் ஆழத்தில் புறப்பட்டு, தொடையின் பின்னால் ஓடி, முழங்காலுக்குச் சற்று மேலே இரண்டாகப் பிரிந்து பாதம் வரை போகிறது. நோய் இருப்பது இடுப்பில். வலி தெரிவது காலில். அதனால்தான் காலில் எத்தனை தைலம் தடவினாலும் தீருவதில்லை.

வலி எங்கே போகிறது என்பதே எந்த வேர் சிக்கியது என்று காட்டிக்கொடுக்கும். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கமாக இறங்கி, புறங்கால் வழியாகப் பெருவிரலுக்கு வந்தால் ஐந்தாம் இடுப்பு வேர். கெண்டைக்கால் வழியாக உள்ளங்காலின் வெளி ஓரத்துக்கும் சுண்டுவிரலுக்கும் போனால் அதற்கு அடுத்த வேர். வீட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலில் நான்கு அடி நடந்து பாருங்கள். பிறகு நுனிக்காலில் நான்கு அடி. குதிகாலில் நிற்கும்போது பாதம் மேலே தூக்காமல் சரிந்தால் முதலில் சொன்ன வேர் பலம் இழக்கிறது. நுனிக்காலில் எழும்ப முடியாவிட்டால் இரண்டாவதாகச் சொன்ன வேர். வலி எவ்வளவு என்பதைவிட, பலம் குறைகிறதா என்பதே எனக்கு முக்கியம். வலியால் துடிப்பவரைப் பார்த்துக் குடும்பம் பதறுகிறது. வலி குறைந்துபோய், செருப்பு தானாகக் கழன்று விழுகிறவரை யாரும் கவனிப்பதில்லை. ஆபத்து இரண்டாமவருக்குத்தான்.

1764-இல் நேப்பிள்ஸ் நகரத்து மருத்துவர் தொமேனிகோ கொட்டுன்யோ, இந்த வலி இடுப்பு மூட்டிலிருந்து வருவதல்ல, நரம்பிலிருந்து வருவது என்று பிரித்துக் காட்டி ஒரு நூல் எழுதினார். அது ஒரு பெரிய திருப்பம். மல்லாக்கப் படுக்கவைத்து முழங்காலை மடக்காமல் காலைத் தூக்கிப் பார்க்கும் சோதனை இருக்கிறதே, அதை 1880-இல் செர்பியாவின் லாசரேவிச் எழுதினார். அடுத்த ஆண்டு பாரிஸில் லசேக் என்ற மருத்துவரின் மாணவர் எழுதினார். பெயர் லசேக்குக்கே நிலைத்தது. இன்றும் உங்கள் மருத்துவர் செய்வது அதே சோதனைதான். அவர் அதைச் செய்யாமல் நேராக ஸ்கேனுக்கு எழுதினால், "ஐயா, ஒரு தடவை காலைத் தூக்கிப் பாருங்கள்" என்று மரியாதையாகக் கேட்கலாம். தப்பில்லை.

பிறகு 1934-இல் பாஸ்டனில் மிக்ஸ்டர், பார் என்ற இரண்டு மருத்துவர்கள், வட்டிலிருந்து பிதுங்கிய துண்டே நரம்பை அழுத்துகிறது என்று காட்டி, அதை வெட்டி எடுத்தார்கள். நோயாளிகள் எழுந்து நடந்தார்கள். உலகமே அதைப் பிடித்துக்கொண்டது. அழுத்துகிறது, எடுத்துவிடு, கேட்பதற்கு எவ்வளவு நேரான கணக்கு! ஆனால் உடம்பின் கணக்கு அவ்வளவு நேரானதல்ல. 1993-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் பன்றிகளின் நரம்பு வேர்மேல் அவற்றின் வட்டுக் கூழையே எடுத்து வைத்தார்கள். அழுத்தவே இல்லை, மேலே வைத்ததுதான். நரம்பு வேலை செய்வது குறைந்தது. அழுத்தம் மட்டுமல்ல, அந்தக் கூழ் கிளப்பும் வேக்காடும் வலிக்குக் காரணம் என்று அதன் பிறகுதான் தெளிவாயிற்று. வேக்காடு என்றால் அது தணியும். பிதுங்கிய கூழை உடம்பு அன்னியப் பொருளாகப் பார்க்கிறது. வெள்ளணுக்கள் சூழ்ந்துகொண்டு அதைக் கரைத்து விழுங்குகின்றன.

இதில் நம்ப முடியாத ஒரு விஷயம் இருக்கிறது. பல ஆய்வுகளைத் தொகுத்து 2015-இல் வெளியிட்ட கணக்கின்படி, வட்டு லேசாகப் புடைத்திருந்தால் அது தானாகச் சுருங்குவது 100-இல் 13 பேருக்குத்தான். வளையத்தைக் கிழித்து வெளியே வந்துவிட்டால் 70 பேருக்குச் சுருங்குகிறது. துண்டே தனியாகக் கழன்று கிடந்தால் 96 பேருக்கு. படத்தில் பார்க்கப் பயங்கரமாக இருப்பதுதான் சீக்கிரம் கரைகிறது. "பெரிய துண்டு வெளியே வந்துவிட்டது, நாளைக்கே ஆபரேஷன்" என்று கேள்விப்பட்டால், காலில் பலம் இருக்கிறதா, சிறுநீர் ஒழுங்காகப் போகிறதா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் நாளைக்கே என்ற அவசரத்துக்கு இடமில்லை.

அப்படியானால் அறுவை சிகிச்சை வீணா? இல்லை. நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரம் கடும் கால்வலியில் கிடந்த 283 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு உடனே அறுவை. மறுபாதிக்கு மருந்தும் நடமாட்டமும், தேவைப்பட்டால் மட்டும் அறுவை. 2007-இல் முடிவு வெளிவந்தது. அறுவை செய்துகொண்டவர்கள் சுமார் 4 வாரத்தில் தேறினார்கள். காத்திருந்தவர்கள் சுமார் 12 வாரத்தில். ஓராண்டு முடிவில் இரு பக்கமும் 100-க்கு 95 பேர் தேறியிருந்தார்கள். ஆனால் காத்திருந்தவர்களிலும் 39 விழுக்காட்டினருக்குக் கடைசியில் அறுவை தேவைப்பட்டது. அதை மறைத்துப் பேசுவது நியாயமல்ல. நார்வேயில் வெபர் என்ற மருத்துவர் 1983-இல் வெளியிட்ட ஆய்வில் முதல் ஆண்டு அறுவை செய்துகொண்டவர்கள் முந்தியிருந்தார்கள்; நான்காம் ஆண்டில் அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்தது; பத்தாம் ஆண்டில் ஒன்றுமில்லை. இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது இதுதான்: பலக்குறைவு இல்லாத நோயாளிக்கு அறுவை சிகிச்சை வேகத்தை வாங்கித் தருகிறது, பத்தாண்டுக் கணக்கில் வேறொரு காலைத் தருவதில்லை. வேகம் யாருக்கு அவசியம், யாரால் காத்திருக்க முடியும் என்பதை நோயாளியே சொல்ல வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம். வெதுருகுப்பத்தில் ஒருவருக்குக் கால் இழுத்தால், அவர் முன்னால் மூன்று திசைகள் இருக்கின்றன. புத்தூர், திருப்பதி, வேலூர்.

புத்தூர் என்றால் அதன் பக்கத்து ராசபாளையத்தின் எலும்புக் கட்டு. நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே எலும்பு முறிவுக்குப் பச்சிலை வைத்து, மூங்கில் தப்பை வைத்துக் கட்டுகிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அந்தக் கட்டின் மேல் நம் மக்களுக்கு உள்ள நம்பிக்கையை நான் கேலி செய்யமாட்டேன். ஆனால் முறிந்த எலும்பை அசையாமல் வைத்தால் கூடும். நரம்பு வலியில் முறிந்த எலும்பும் இல்லை, இடம் மாறிய எலும்பும் இல்லை. கட்டிச் சேர்ப்பதற்கு அங்கே ஒன்றும் கிடையாது. அசையாமல் வைத்தால் இந்த நோய் கெடும். கட்டுக்காரரிடம் போனாலும், போகாவிட்டாலும், யாரையும் முதுகில் ஏறி மிதிக்கவோ, காலைப் பிடித்து இழுக்கவோ, கழுத்தையும் இடுப்பையும் எதிரெதிராக முறுக்கவோ விடாதீர்கள். பாதி பிதுங்கிய வட்டை முழுதாக வெளியே தள்ள அந்த ஒரு முறுக்கே போதுமானதாகிவிடலாம்.

திருப்பதி என்றால் ஸ்கேன் நினைவுக்கு வருகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்து, அறிக்கையை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகக் காட்டுகிறோம். அந்த அறிக்கையில் தேய்மானம், புடைப்பு, நரம்பு நெருக்கம் என்று வரிசையாக இருக்கும். படித்தவர்களே பயந்துபோகிறார்கள். வலியே இல்லாத 3,110 பேரின் படங்களைத் தொகுத்துப் பார்த்த கணக்கு ஒன்று 2015-இல் வந்தது. இருபது வயதுக்காரர்களிலேயே 37 விழுக்காட்டினருக்கு வட்டுத் தேய்மானம் இருந்தது. ஐம்பது வயதில் 80. எண்பது வயதில் 96. வலி கொஞ்சமும் இல்லாதவர்களுக்கு! தலை நரைப்பது போல வட்டும் வயதாகிறது. படம் மட்டும் நோயாகாது. கால் சொல்வதும், சோதனை சொல்வதும், படம் சொல்வதும் ஒரே வேரைக் காட்டினால்தான் அந்தப் படத்துக்கு மதிப்பு. ஆபத்து அடையாளங்கள் இல்லாதவர்கள் முதல் ஆறு வாரத்தில் ஸ்கேனுக்குச் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பணத்துக்கு வீட்டில் வேறு வேலை இருக்கும்.

ஊசி பற்றிக் கொஞ்சம் நேரம் எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது. நம் ஊர்களில் வலி என்றால் புட்டத்தில் ஒரு ஊசி. ஊசி போடாத டாக்டர் டாக்டரே இல்லை என்ற எண்ணம் இருக்கிறது. ஆனால் சயாட்டிகா நரம்பு அந்தப் புட்டத்துக்குள்தான் ஓடுகிறது. ஊசி தவறான இடத்தில், நடுப்பகுதியிலோ கீழ்ப்பகுதியிலோ இறங்கினால் நரம்பிலேயே குத்தும். குத்திய நொடியில் கால் முழுக்க மின்சாரம் பாயும். சிலருக்குப் பாதம் நிரந்தரமாகச் சரிந்தே போய்விடும். குழந்தைகளுக்கும் மெலிந்த முதியவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் நரம்பைக் காப்பாற்றச் சதை இல்லை. வலி ஊசி வேண்டாம், மாத்திரை கொடுங்கள் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

பெயர் எழுதாத காகிதப் பொட்டலத்தில் மூன்று வகை மாத்திரை மடித்துக் கொடுப்பதும் இருக்கிறது. ஒரே நாளில் வலி பறந்துவிட்டது என்றால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதா என்று சந்தேகப்படுங்கள். சர்க்கரை ஏறும், முகம் ஊதும், எலும்பு மெலியும். இதைவிடக் கொடுமை ஒன்று: நீண்ட நாள் ஸ்டீராய்டு, தொடை எலும்பின் தலைக்கு இரத்தம் போவதை நிறுத்தி அதைச் செத்துப்போகச் செய்துவிடலாம். அந்த வலியும் இடுப்பிலும் தொடையிலும் வந்து நரம்பு வலிபோலவே நடிக்கும். நரம்பு வலிக்குத் தின்ற மாத்திரையால் புதிதாக ஒரு நோய் வரும், அதையும் நரம்பு என்று நினைத்து அதே மாத்திரையைத் தொடர்வார்கள்.

வெளிப்படையான மருந்துகளிலும் அளவோடு எதிர்பார்க்க வேண்டும். டைக்ளோஃபெனாக், இப்யூபுரூஃபென் வகை மாத்திரைகள் சிலருக்கு முதல் சில நாள் கைகொடுக்கும். ஆனால் வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. நரம்பு மாத்திரை என்று எழுதிக்கொடுக்கும் பிரீகாபலின் இந்த நோய்க்குப் பயன் தரவில்லை என்று ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்று 2017-இல் காட்டியது, தலைசுற்றல்தான் கூடியது. பிரிட்டனின் அரசு மருத்துவ வழிகாட்டு நெறிகள் அந்த வகை மருந்தையும், ஸ்டீராய்டு மாத்திரையையும், எடை கட்டி இடுப்பை இழுப்பதையும் சயாட்டிகாவுக்கு வேண்டாம் என்றே சொல்கின்றன. முதுகெலும்புக் குழாயில் போடும் ஸ்டீராய்டு ஊசி வேறு. அது தேர்ந்த கையால், படம் பார்த்துப் போடப்படுவது. கடும் வலியில் சில வாரம் ஆறுதல் தரலாம், சிறிய ஆறுதல். நோயைத் தீர்ப்பதாக நினைத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம்.

எண்ணெய் தேய்ப்பு, வெந்நீர் ஒத்தடம் எல்லாம் தசைப் பிடிப்பைத் தளர்த்தும், தடையில்லை. மரத்துப்போன காலில் மட்டும் சூடு வைக்காதீர்கள். சுடுவது தெரியாமல் வெந்துபோகும், அதிலும் சர்க்கரை நோயாளிக்கு அந்தப் புண் எளிதில் ஆறாது.

இப்போது வேலூர். கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். 1954-இல் ஒரு விபத்தில் முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல் போனது. அவர் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு அமெரிக்கா சென்று மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். அவர் உழைப்பால் 1966-இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறந்தது. அவருக்கு வந்தது சயாட்டிகா அல்ல, அதைவிட எத்தனையோ மடங்கு பெரியது. ஆனாலும் அவரை ஏன் இங்கே சொல்கிறேன் என்றால், பயிற்சி என்பது மருந்து வேலை செய்யாதபோது சொல்லும் ஆறுதல் வார்த்தை அல்ல, அதுவே மருத்துவம் என்பதை இந்தப் பகுதியில் நிலைநாட்டியவர் அவர். நம் திருப்பதியிலும் தேவஸ்தானத்தின் பர்டு மருத்துவமனை எலும்பு சிகிச்சையோடு மறுவாழ்வையும் தன் பெயரிலேயே வைத்திருக்கிறது. பிசியோதெரபி என்றால் மெஷினில் கரண்ட் வைப்பது என்று நினைத்துப் போகாதீர்கள். உங்கள் உடம்பு எந்தப் பக்கம் அசைந்தால் வலி குறைகிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதை நீங்களே வீட்டில் செய்யக் கற்றுக்கொடுப்பவர்தான் நல்ல பிசியோதெரபிஸ்ட்.

அந்தத் தேடல் எப்படித் தொடங்கியது என்று கேளுங்கள். 1956-இல் நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோதெரபிஸ்டிடம் கால்வலிக்காரர் ஒருவர் வந்தார். உள்ளே போய்க் குப்புறப் படுங்கள் என்று சொல்லிவிட்டு மெக்கென்சி வேறு வேலையில் இருந்துவிட்டார். முன்பு வந்த நோயாளிக்காக அந்தக் கட்டிலின் தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்தது. நோயாளி அப்படியே, முதுகு பின்னோக்கி வளைந்தபடி படுத்துக் கிடந்தார். மெக்கென்சி திரும்பி வந்து பார்த்துத் திகைத்தார். நோயாளியோ, கால் வலி போய்விட்டது, பல வாரமாக இவ்வளவு சுகமாக இருந்ததில்லை என்றார். அதிலிருந்து வளர்ந்தது ஒரு முறை.

இதில் உள்ள அடையாளத்தை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் அசைவைப் பத்துத் தடவை செய்த பிறகு பாதத்தில் இருந்த வலி கெண்டைக்காலுக்கு ஏறி, அங்கிருந்து தொடைக்கு ஏறி, புட்டத்துக்கு வந்தால் நல்லது. இடுப்பில் வலி கூடினால்கூட நல்லது. அந்த அசைவைத் தொடருங்கள். வலி கீழே இறங்கினால், காலில் மரத்துப் போவது பரவினால், அந்த நிமிடமே நிறுத்துங்கள். வலி ஏறுகிறதா, இறங்குகிறதா என்பது எந்த ஸ்கேனும் சொல்லாத செய்தி.

பலருக்குக் குப்புறப் படுப்பது பொருந்தும். முதலில் சும்மா குப்புறப் படுத்து இரண்டு மூன்று நிமிடம். பிறகு முழங்கைகளை ஊன்றி மார்பை உயர்த்தி. பிறகு உள்ளங்கைகளை ஊன்றி, இடுப்பு தரையை விட்டு எழாமல் மேலுடம்பை மட்டும் தூக்குவது. எல்லோருக்கும் இது அல்ல. அறுபதைத் தாண்டியவருக்கு, நடந்தால் இரண்டு காலும் கனத்து, எங்காவது திண்ணையில் குனிந்து உட்கார்ந்தால் சரியாகிறது என்றால், அது முதுகெலும்புக் குழாயே குறுகிய நோய். அவர் பின்னால் வளைந்தால் வலி கூடும். அவருக்கு முன்னால் குனியும் பயிற்சியும் சைக்கிள் மிதிப்பதும் உகந்தவை. பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சியை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

படுத்தே கிடந்தால் ஆறும் என்ற நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருக்கிறது. 1999-இல் நெதர்லாந்தில் 183 சயாட்டிகா நோயாளிகளில் ஒரு பாதியை இரண்டு வாரம் படுக்கையில் வைத்தார்கள். மறுபாதியை முடிந்தவரை நடமாடச் சொன்னார்கள். 12 வாரம் கழித்து இரு பக்கமும் 87 விழுக்காட்டினர் தேறியிருந்தார்கள். படுத்ததால் எந்த லாபமும் இல்லை. நட்டம் உண்டு: தசை இளைக்கும், மலம் இறுகும், மனம் சோரும், கூலி போகும். வலி உச்சத்தில் இருக்கும் ஓரிரு நாள் படுங்கள், முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எழுந்து, வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நாளைக்குப் பல தடவை நடங்கள்.

நம் வேலைகளை நினைத்துப் பேச வேண்டும். இரவில் படுத்திருக்கும்போது வட்டு நீர் குடித்து உப்புகிறது. விடியற்காலையில் அது மிக இறுக்கமாக இருக்கிறது. அப்போது குனிவதுதான் மிகக் கெடுதல். நாமோ எழுந்தவுடன் பசுவின் பக்கத்தில் குந்தி, முன்னால் சாய்ந்து பால் கறக்கிறோம். பால் வண்டி காத்திருக்காது, எனக்குத் தெரியும். எழுந்தவுடன் கொஞ்ச நேரம் நடந்துவிட்டுப் பிறகு கறக்கப் போங்கள். மணைப்பலகையில் உட்கார்ந்து, மாட்டின் பக்கம் நெருங்கி, முதுகை வளைக்காமல் கறங்கள். இழுவை தாங்காத நாட்களில் வீட்டில் வேறொருவர் கறக்கட்டும். கரும்புக் கட்டையோ மாங்காய்ப் பெட்டியையோ தூக்கும்போது மார்போடு அணைத்துத் தூக்குங்கள். தூக்கிய பிறகு இடுப்பைத் திருப்பி டிராக்டரில் வைக்காமல், கால்களை நகர்த்தி முழு உடம்போடு திரும்புங்கள். குனிந்தபடி திருகுவதுதான் வட்டின் நாரைக் கிழிக்கும் அசைவு. மாங்காய் சீசனில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெட்டியைத் தூக்குவதை மேஸ்திரிகள் வழக்கமாக்கினால் பல இடுப்புகள் பிழைக்கும். பீடியும் வட்டின் எதிரி. அதற்குப் போகும் இரத்தமே குறைவு, பீடி அதையும் சுருக்குகிறது.

திருமலைக்கு நடந்தே ஏறுவதாக வேண்டிக்கொண்டவர்கள் இந்தக் கூட்டத்தில் நிச்சயம் இருப்பீர்கள். அலிபிரி வழி 3,550 படி. ஸ்ரீவாரி மெட்டு 2,388 படி, தூரம் குறைவு, ஆனால் செங்குத்து. கால் வலியோடு ஏறலாமா என்று கேட்பீர்கள். நுனிக்காலிலும் குதிகாலிலும் இரு கால்களும் சமமாக நிற்கும் வரை, முழங்காலுக்குக் கீழே வலி இறங்காமல் அரை மணி நேரம் சமதரையில் நடக்க முடியும் வரை ஏறாதீர்கள். அதன் பிறகு தாராளமாக ஏறலாம். ஏழுமலையான் தள்ளிப்போட்ட நேர்த்திக்கடனைக் கணக்கில் வைப்பான் என்று நான் நம்பவில்லை.

கால் வலி எல்லாமே சயாட்டிகா அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரவில் மட்டும் கூடும் முதுகு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயாக இருக்கலாம். நம் நாட்டில் அதை நினைக்காமல் இருக்கக் கூடாது. பீடி குடிப்பவருக்கு நடந்தால் கெண்டைக்கால் பிடித்து, நின்ற இடத்திலேயே விட்டால் இரத்தக் குழாய் அடைப்பாக இருக்கலாம். ஒரு பக்கம் எரிச்சல் வந்து இரண்டு நாளில் கொப்புளம் தெரிந்தால் அக்கி. முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவருக்குப் புதிதாக இடுப்பு வலி வந்தால் காத்திருக்காமல் காட்ட வேண்டும்.

அறுவை சிகிச்சை யாருக்கு? பாதம் நாளுக்கு நாள் சரிகிறவருக்கு, உடனே. மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்தும் வேலைக்குப் போக முடியாத, தூங்க முடியாத வலி உள்ளவருக்கு, அவரே விரும்பினால். திருப்பதி ஸ்விம்ஸில் நரம்பு அறுவைப் பிரிவு இருக்கிறது. வேலூரும் எட்டாத தூரமில்லை. அங்கே கத்தி வைப்பவர்கள் எதிரிகள் அல்ல. தேவையானவருக்குத் தாமதிக்காமல் போய்ச் சேருவது நம் பொறுப்பு.

கடைசியாக ஒரு நிலை. பெரிய துண்டு ஒன்று நடுவில் விழுந்து, கீழே இறங்கும் எல்லா வேர்களையும் ஒருசேர நசுக்கினால் சிறுநீர் வராமல் கட்டிக்கொள்ளும், அல்லது தெரியாமல் ஒழுகும். உட்காரும் இடம் மரத்துப்போகும். கழுவும்போது கை படுவது தெரியாது. மலம் அடங்காது. இரண்டு காலும் சேர்ந்து இழுக்கும். இது அரிது. ஆனால் வந்தால் மணிக்கணக்கில் முடிவெடுக்க வேண்டிய நோய். ஓரிரு நாளுக்குள் அழுத்தத்தை எடுக்காவிட்டால் சிறுநீர் வாழ்நாள் முழுக்கக் குழாய் வழியேதான் என்றாகிவிடலாம்.

இங்கே வந்திருக்கும் ஆஷா பணியாளர்களிடமும், மகளிர் குழுத் தாய்மார்களிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த அடையாளத்தை நம் வீட்டுப் பெண்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமியாரிடம் சொல்ல வெட்கம், ஆண் டாக்டரிடம் சொல்ல வெட்கம், விடியட்டும் பார்க்கலாம் என்று சேலையை மாற்றிக்கொண்டு படுத்துவிடுகிறார்கள். ஆகவே நீங்களே கேளுங்கள். கால் இழுக்கிறது என்று எந்தப் பெண் சொன்னாலும், தனியாக அழைத்து, ஒன்றுக்குப் போவது ஒழுங்காக இருக்கிறதா, கழுவும் இடத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் விடியும் வரை வைக்காதீர்கள். எந்த நேரமானாலும் 108-ஐ அழைத்து, திருப்பதிக்கு அனுப்பிவிடுங்கள்.